அந்த மைக் படத்திலேயே இல்லை, ஐயா!

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் அறையில் ஐந்து பேர். பரோட்டா பார்சல் வந்திருந்தது, வறுத்த கடலை இருந்தது, மறுநாள் யாருக்கும் வேலை இல்லை. வாரத்துக்கு ஒருவர் படம் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்த வாரம் என் முறை. 1975-இல் வந்த ‘டோலமைட்’டைப் போட்டேன். எழுபதுகளில் அமெரிக்கக் கறுப்பின ரசிகர்களை நம்பி வரிசையாக வந்த பிளாக்ஸ்பிளாய்டேஷன் குற்றப் படங்களில் ஒன்று. இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கையில் கிடைத்த பழைய பிரதியைப் போட்டதுதான் நான் செய்த தப்பு. அது ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

படம் சூடுபிடிக்கக்கூட இல்லை. ஒருவன் எழுந்து போய் திரையையே தொட்டுக் காட்டினான். “மச்சி, மைக்! மேலே பாரு, மைக் தொங்குது!”

நடிகர் பேசுவதைப் பதிவு செய்ய மேலே நீட்டிப் பிடிக்கிற மைக். முடிந்தது கதை. அதற்குப் பிறகு ஒருவனும் படம் பார்க்கவில்லை. மைக் பார்த்தார்கள். “நாலு”, “அஞ்சு”, “இதோ ஆறு” என்று எண்ணிக்கை வேறு. நாயகன் ஏன் சிறைக்குப் போனான், வெளியே வந்து யாரைத் தேடுகிறான், எதுவும் தெரியாது. பாதிப் படத்திலேயே ஒருவன் போனை எடுத்து ஒரு நட்சத்திரம் கொடுத்து, “இதையெல்லாம் படம் என்று எடுத்திருக்கிறார்கள்” என்று எழுதிவிட்டான். இன்னொருவன் பத்துக்குப் பத்து. காரணம் கேட்டால், “இவ்வளவு மட்டமா எடுக்கவும் ஒரு திறமை வேணும்டா, செம காமெடி!”

உண்மையைச் சொன்னால் அந்த ஒரு நட்சத்திரக்காரன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிடிக்கவில்லை, சொன்னான். வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தப் பத்துக்குப் பத்து மேல்தான். அந்த மார்க்கைப் போல ஒரு அவமானம் கிடையாது. ஒரு மனிதன் சேர்த்த காசையெல்லாம் கொட்டி எடுத்ததைப் பார்த்து, “நீ தெரியாமல் சிரிக்க வைத்துவிட்டாய், சபாஷ்” என்று முதுகில் தட்டுகிற திமிர் அது. அடப்பாவிகளா, அந்த ஆள் சிரிக்க வைப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்!

முதலில் மைக் பஞ்சாயத்தை முடித்துவிடுகிறேன்.

35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு கட்டம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். ஆனால் அமெரிக்கத் தியேட்டர்களில் அதை முழுசாகக் காட்ட மாட்டார்கள். ப்ரொஜக்டரில் ஒரு தகடு போட்டு மேலேயும் கீழேயும் மறைத்து, 1.85-க்கு 1 என்ற அகலமான பட்டையை மட்டும் திரையில் விழ விடுவார்கள். படம் எடுக்கும்போதே கேமராவின் கண்ணாடியில் அந்த எல்லைக்குக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே மைக் இருந்தால் என்ன, விளக்கு இருந்தால் என்ன, தியேட்டருக்கு வருகிறவன் அதைப் பார்க்கப்போவதில்லை. பெரிய ஸ்டூடியோக்காரர்களும் இப்படி எடுத்தவர்கள்தான்.

பிறகு வீடியோ கேசட் காலம் வந்தது. டிவிப் பெட்டியும் சதுரம், பிலிம் கட்டமும் சதுரம், சரியாகப் போச்சு என்று மறைக்க வேண்டியதை மறைக்காமல் அப்படியே கேசட்டில் ஏற்றிவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நிம்மதியாக இருந்த மைக் உள்ளே வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துத்தான் ‘மைக் தெரியும் படம்’ என்று பேர் வைத்தார்கள். 2016-இல் வினிகர் சிண்ட்ரோம் என்ற நிறுவனம் படத்தைச் சுத்தம் செய்து, சரியான அளவில் ப்ளூ ரே தட்டாக வெளியிட்டது. அதில் பாருங்கள், அந்தப் புகழ்பெற்ற மைக்குகள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

நம் ஊர் டூரிங் கொட்டகையில் ஹீரோவின் தலை கீழேயும் கால் மேலேயும் வந்துவிட்டால் என்ன செய்வோம்? “டேய் ஆபரேட்டர்!” என்று கூரை கிழியக் கத்துவோம். இயக்குநருக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று ஒரு ஆள் சொன்னதுண்டா? பெஞ்சு டிக்கெட்டில் மண்ணில் கால் ஊன்றி உட்கார்ந்தவனுக்கு இருந்த விவரம், 55 இன்ச் டிவி முன்னால் கால்மேல் கால் போட்டிருக்கிறவனுக்கு இல்லை.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரக்காரன் சொன்னான்: “சரிடா, மைக்கை விடு. கேமராமேனே கத்துக்குட்டிதானே?” ஆமாம், இளைஞர்தான். பேர் நிகோலஸ் வான் ஸ்டெர்ன்பெர்க். ‘புளூ ஏஞ்சல்’ எடுத்த பழம்பெரும் இயக்குநர் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க்கின் மகன். அப்பனைப் போல ஒளியமைக்க அந்தப் படத்தில் அவருக்கு நேரமும் கிடையாது, காசும் கிடையாது. மொத்தச் செலவே ஏறத்தாழ 1 லட்சம் டாலர் என்பார்கள். அதுவும் ஸ்டூடியோ பணம் இல்லை. நாயகன் ரூடி ரே மூர் இசைத்தட்டு விற்றுச் சம்பாதித்தது.

இந்த மூர் யார் என்று கேட்க ஒருவனுக்காவது தோன்றியதா? தொப்பையைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். “இந்த வயசுல இவருக்கு ஹீரோ ஆசை.” ஆமாம், 1927-இல் பிறந்தவர், படம் எடுக்கும்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பாடிப் பார்த்தார், ஆடிப் பார்த்தார், எதுவும் ஓடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த தென்பகுதியில், டால்ஃபின்ஸ் ஆஃப் ஹாலிவுட் என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். (அந்தக் கடை ஹாலிவுட்டில் இல்லை. கறுப்பர் அங்கே கடை வைக்க முடியாது என்பதால் ஜான் டால்ஃபின் தன் கடைக்கே ஹாலிவுட் என்று பேர் வைத்துவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த பழிவாங்கல் இது.) அந்தக் கடைக்கு ரிக்கோ என்ற ஒரு தெருவாசி வந்து, சில்லறைக்காக டோலமைட் என்ற சண்டியரின் கதைகளை எதுகையோடு கொட்டுவாராம். மூர் அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு, மெருகேற்றி, 1970-இல் இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். பச்சை பச்சையான வசவு, அட்டைப்படம் அதைவிட மோசம்; கடைகளில் வெளியே வைக்காமல் கவுண்டருக்கு அடியில் வைத்து விற்றார்கள். அதுதான் ஓடியது.

கறுப்பின மக்களிடம் இதற்கு டோஸ்ட் என்று பேர். சிறையிலும் முடிதிருத்தும் கடையிலும் தெருமுனையிலும் ஆண்கள் நின்று சொன்ன வாய்மொழிக் கதைப்பாட்டு. ஷைன் என்பவனின் கதை அதில் ஒன்று. டைட்டானிக் கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போடுகிறவன் ஷைன். தண்ணீர் ஏறுகிறது என்று மேலே போய்ச் சொல்கிறான். பம்ப் இருக்கிறது, நீ போய் வேலையைப் பார் என்கிறார் கேப்டன். மறுபடி வருகிறான், மறுபடி விரட்டுகிறார். கடைசியில் ஷைன் கடலில் குதித்துவிடுகிறான். அப்போதுதான் பணக்காரர்கள் தளத்தில் நின்று, காப்பாற்று, வேண்டிய பணம் தருகிறோம் என்று கெஞ்சுகிறார்கள். பணம் கரையிலும் கிடைக்கும், உயிர் வேண்டுமானால் என்னைப் போல நீந்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். கப்பல் மூழ்கிய செய்தி ஊருக்கு வந்து சேரும்போது, ஷைன் மதுக்கடையில் உட்கார்ந்து போதையில் இருக்கிறான்.

இந்தக் கதையை மூர் படத்தில் சொல்கிறார். வாகனம் நிறுத்தும் இடத்தில் நாலு பேர் சூழ்ந்து நின்று, ஒன்று எடுத்துவிடுங்கள் என்று கேட்க, அவர் எடுத்துவிடுகிறார். கதையோட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான். ஆனால் 1975-இல் டிக்கெட் வாங்கியவர்கள் அதற்காகத்தானே வந்தார்கள்? தட்டில் கேட்ட குரலுக்கு முகம் பார்க்க வந்தவர்கள். அடுத்த வரி வாயில் தயாராக இருந்தவர்கள். பின்னாளில் ராப் பாடகர்கள் இவரைப் பெரியப்பா மாதிரி கொண்டாடினார்கள். 1990-இல் பிக் டாடி கேன் தன் ஆல்பத்திலேயே இவரை எதிரில் நிறுத்தி வாய்ச்சண்டை போட்டார். அப்படிப்பட்ட காட்சி ஓடும்போது எங்கள் அறையில் என்ன நடந்தது தெரியுமா? ஒருவன் சால்னா எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். “மைக் வந்தா சொல்லு.”

வயிறு எரியாதா?

படம் எடுத்த இடத்தையாவது பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. “செட்டு என்னடா இவ்வளவு பாழடைஞ்சு கிடக்கு?” அது செட் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ட்ரல் அவென்யூவில் உள்ள டன்பார் ஹோட்டல். 1928-இல் ஜான் சோமர்வில் என்ற கறுப்பின பல் மருத்துவர் கட்டியது, மற்ற நல்ல ஹோட்டல்களில் கறுப்பருக்கு அறை கொடுக்காத காலத்தில். ஜாஸ் இசை மேதை டியூக் எலிங்டன் தங்கிய இடம். பிறகு சட்டம் மாறி எல்லா ஹோட்டல் கதவுகளும் திறந்தன, டன்பாருக்கு வர ஆள் இல்லாமல் போனது. அந்தப் பாழடைந்த கட்டடத்துக்குள்தான் மூர் கேமராவை வைத்தார்.

சரி, படத்தில் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது, ஐயா. மூர் உதைக்கிற உதை எதிராளிக்கு ஒரு முழம் தள்ளிப் போகிறது, அவன் அதற்குள் விழுந்துவிடுகிறான். வெட்டி ஒட்டியதில் ஒட்டுத் தெரிகிறது. இயக்கியவர் டர்வில் மார்ட்டின், வில்லனும் அவரே. இரண்டில் எதைச் சுமாராகச் செய்தார் என்று பட்டிமன்றமே வைக்கலாம். இதையெல்லாம் சொல்லிச் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நாயகன் பெண்களை வைத்துத் தொழில் நடத்துகிறவன். படம் அவனைக் கொண்டாடுகிறது. பெண்களுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்துவிட்டதால் கணக்கு சரியாகிவிடாது. இந்தக் கேள்வியைக் கறுப்பின மக்களே அன்றைக்குக் கேட்டார்கள். பிளாக்ஸ்பிளாய்டேஷன் என்ற வார்த்தையே வசவாகப் பிறந்ததுதான். 1972-இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜூனியஸ் கிரிஃபின், கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளைத் தலைவர். நம் பிள்ளைகள் திரையில் தரகனையும் போதைப்பொருள் வியாபாரியையும்தான் பார்த்து வளர வேண்டுமா என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம் நடிகர்கள், எங்களுக்கு முதல்முறையாக நாயகன் வேடமும் சம்பளமும் கிடைக்கிறது, அதையும் பிடுங்காதீர்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் படத்தை மதித்துத்தான் சண்டை போட்டது. படம் மனிதர்களை ஏதோ செய்துவிடும் என்று நம்பியதால் வந்த கோபம் அது. எங்கள் அறையில் இந்தக் கேள்வியை யாராவது எடுத்திருந்தால் விடிய விடியப் பேசியிருப்பேன். கேட்டது என்ன? “மைக்குக்குத் தனியா சம்பளம் கொடுத்திருப்பாங்களோ?”

இதில் இன்னொரு கூத்து. பத்துக்குப் பத்து போட்டவன் 2009-இல் வந்த ‘பிளாக் டைனமைட்’டை முன்பே பார்த்தவன். இந்த வகைப் படங்களைக் கேலி செய்து எடுத்தது. அதில் வேண்டுமென்றே மைக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். நல்ல படம், நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் இவன் பகடியை முதலில் பார்த்துவிட்டு அசலை அதன் நகல் மாதிரி பார்க்கிறான். “அதுல இதைவிட நல்லா பண்ணியிருப்பாங்க மச்சி.” எதை? தப்பையா?

விடுவேனா? அமெரிக்காவிலிருந்து வரும் அக்கா மகனிடம் முன்பே சொல்லி வைத்திருந்த ப்ளூ ரே தட்டு இந்த வியாழக்கிழமை கைக்கு வந்தது. நேற்று ராத்திரி, முறை என்னுடையதாக இல்லாவிட்டாலும், மூன்று பேரைக் கெஞ்சி உட்கார வைத்தேன். சரியான அளவு, கழுவித் துடைத்த மாதிரி படம், சிவப்பு சிவப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும். இருபது நிமிடம் அமைதியாகப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பத்துக்குப் பத்து நெளிந்தான்.

“எங்கடா மைக்கைக் காணோம்?”

“அதைத்தான் போன வாரமே சொன்னேன்.”

“அப்போ இதுல என்ன இருக்கு? பழைய பிரிண்டையே போடுடா, ப்ளீஸ்.”

வெளியிட்ட புண்ணியவான்கள் அந்த மைக் தெரியும் வடிவத்தையும் அதே தட்டில் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், இவனைப் போன்றவர்களுக்காகவே. மெனுவில் அதை இவனே கண்டுபிடித்தும் விட்டான். நான் ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். படியேறும்போது கீழே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.