அம்மம்மாவின் பென்சில் குறி

போன கிழமை ஞாயிறு பாடசாலை முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தரம் பத்துப் படிக்கிற பிள்ளை ஒன்று வந்து தயங்கி நின்றது. "அண்ணா, வேதத்தில விளங்காத இடம் கனக்க இருக்கு. அப்ப எனக்கு விசுவாசம் இல்லையா?" உண்மையாய் ஜெபித்தால் எல்லா வசனமும் விளங்கும், விளங்காவிட்டால் உள்ளுக்குள் பாவம் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நெஞ்செரிந்தது.

விளங்காததில் பாதி மொழியால் வருவது. நாங்கள் வாசிக்கிற பழைய திருப்புதல், அதாவது வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, 1871இல் வெளிவந்தது. "பரியாசக்காரர்" என்றால் யாரென்று இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்டுப் படிக்கலாம். சோம்பலுக்கு விசுவாசத்தைச் சாட்டாகச் சொல்ல நான் வரவில்லை.

மற்றப் பாதியைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

2004 டிசம்பர் 26. அதுவும் ஒரு ஞாயிறு. மட்டக்களப்பு நாவலடியில் இருந்த அம்மம்மாவின் தங்கச்சி குடும்பத்தைக் கடல் கொண்டுபோனது. கல்லடியில் எங்கள் வீட்டுச் சாமான்களோடு அம்மம்மாவின் வேதப்புத்தகமும் போனது. சில கிழமை கழித்து முகாமுக்கு வந்த ஒரு பிரசங்கியார், இது பாவத்துக்கு வந்த தண்டனை என்றார். அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. நிவாரணத்தில் கிடைத்த புதுப் புத்தகத்தில் லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தை எடுத்து என்னை வாசிக்கச் சொன்னா. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். அப்படியல்ல என்று அவரே சொல்கிறார். அம்மம்மா கண்ணைத் துடைத்தா.

ஆனால் வசனம் அங்கே முடியவில்லை. மனந்திரும்பாமற்போனால் நீங்கள் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்று அதே மூச்சில் வருகிறது. அம்மம்மா கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தா. "இது எனக்கு விளங்கல்ல மனே. மறுகா பாப்பம்." ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, கீழே வருசத்தை எழுதினா. அன்று இரவும் வழக்கம்போல முழந்தாளில் நின்று ஜெபித்தா.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் செத்தார்கள். அந்தக் கிழமை என் வாய்க்கு வந்த ஒரே வேதப் பாட்டு 88ஆம் சங்கீதம். தொடக்கம் முதல் முடிவு வரை கடவுளை நோக்கிய கூப்பாடு. ஒரு பதிலும் இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். எங்கள் பழைய திருப்புதலில் அந்தச் சொல்கூட மறைந்துபோய், அறிமுகமானவர்கள் மறைந்தார்கள் என்று முடிகிறது. பழைய ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரரின் பாட்டு அது. ஆறுதலாய் ஒரு வரியைக் கடைசியில் ஒட்டிவிட எவ்வளவு நேரம் செல்லும்? ஒருத்தரும் ஒட்டவில்லை. அப்படியே வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு விளக்கம் சொல்கிறவர்களைவிட அந்தப் பாட்டைத்தான் நான் நம்புகிறேன். பதில் வராமலும் அதைப் பாடினவன் கூப்பிடுவதை விடவில்லையே.

அந்தப் பிள்ளைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அம்மம்மாவின் புத்தகம் என் பையில் இருந்தது, எடுத்துக் காட்டினேன். லூக்கா 13:5க்குப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறிகள்: 2005, 2009, 2014. கடைசிக் குறி கை நடுங்கிக் கோணலாக இருக்கும். ஒன்றையும் அவ அழிக்கவில்லை.

பிள்ளை வசனத்தை இரண்டு தரம் வாசித்தது.

"எனக்கும் விளங்கல்ல அண்ணா."

"எனக்கும்தான்" என்றேன். பிறகு இரண்டு பேருமாய் மிச்சக் கதிரைகளை அடுக்கினோம்.