கரடியை விடுங்கோ, விளிம்பைப் பாருங்கோ

கொக்குவில். செல்லத்துரை அண்ணை வீட்டு விறாந்தை, பின்னேர ரீ நேரம். அண்ணை அடுத்த மாதம் அமெரிக்காவில் கென்ரக்கி மாநிலத்தில் இருக்கும் மகனிடம் போகிறார். முன்வீட்டுப் பூரணம் அக்கா மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவென்று அங்கே போய், பிள்ளை நித்திரை கொள்ளும் நேரமெல்லாம் காட்டுப் பாதைகளில் திரிந்து தேறியவர்.

செல்லத்துரை: பூரணம், மகன் போன் எடுத்தவன். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லிலை ஓட்டை காட்டப்போறானாம். ஓட்டை பாக்கிறதுக்கு ஏன் பிளேன் ஏறுவான்? நிலாவரைக் கிணத்துக்குள்ளை எட்டிப் பாத்தால் காணாதே?

பூரணம்: நிலாவரை சுண்ணாம்புக்கல் அண்ணை. மழைத்தண்ணி அதைக் கரைச்சுக் கரைச்சுப் பள்ளமாக்கும். மகன் காட்டப்போற ரெட் ரிவர் கோர்ஜ் எண்ட பள்ளத்தாக்கிலை இருக்கிறது மணற்கல். 30 கோடி வருசத்துக்கு முந்தி ஆறுகள் கொண்டுவந்து கொட்டின மணலும் கூழாங்கல்லும் இறுகிப்போய்க் கிடக்குது.

செல்லத்துரை: இறுகினது பேந்து ஏன் ஓட்டையாகுது?

பூரணம்: மலைமுகடு சில இடத்திலை மெல்லிசான சுவர் மாதிரி நிக்கும். அதிலை வெடிப்பு இருக்கும். வெடிப்புக்குள்ளை தண்ணி இறங்கும், மாரியிலை உறையும். உறைஞ்சால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும், கல்லை நெம்பும். மணலை ஒட்டிவைச்சிருக்கிற பசையும் மெல்ல மெல்லக் கழண்டுபோகும். ரெண்டு பக்கமும் குடைவு விழுந்து நடுவிலை சந்திச்சால் வளைவு. கூரை வளைஞ்சு நிக்கிறதாலை பாரம் ரெண்டு காலுக்கும் இறங்கும், அதாலைதான் விழாமல் நிக்குது. அந்தப் பள்ளத்தாக்கிலை மட்டும் 100க்கு மேலை இருக்கு.

செல்லத்துரை: நான் கீழை நிக்கேக்கை விழுந்தால்?

பூரணம்: என்றைக்கோ ஒருநாள் விழத்தான் செய்யும். ஆனால் செல்லத்துரை அண்ணை வரட்டும் எண்டு அது காத்துக்கொண்டிருக்கேல்லை. பனி உருகுற நாளிலை மட்டும் செங்குத்துப் பாறைக்கு அடியிலை குந்தியிருந்து சாப்பிடாதேங்கோ. நிலத்திலை புதிசாய் உடைஞ்ச கல்லுக் கிடந்தால் தள்ளி நில்லுங்கோ.

செல்லத்துரை: உதெல்லாம் சின்ன விசயம். கரடி நிக்குதாமே?

பூரணம்: நிக்குது, கறுத்தக் கரடி. அதுக்கு உங்களிலை ஆசை இல்லை, உங்கடை பருத்தித்துறை வடையிலைதான் ஆசை. இரவு தங்கினால் சாப்பாட்டுப் பையைக் கயித்திலை கட்டித் தூக்கிவிட வேணும். நிலத்திலையிருந்து 10 அடி உயரம், மரத்திலையிருந்து 4 அடி தள்ளி. பூனைக்கு உறி கட்டுறமாதிரித்தான். பற்பசை, சவர்க்காரம் எல்லாம் அந்தப் பைக்குள்ளைதான் போகவேணும், மணம் கண்டியளோ.

செல்லத்துரை: நேரை வந்து நிண்டால்?

பூரணம்: ஓடாதேங்கோ. ரெண்டு கையையும் தூக்கிப் பெரிய ஆளாய்க் காட்டி, சத்தம் போட்டுக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கோ.

செல்லத்துரை: தேவாரம் படிக்கலாமோ?

பூரணம்: உங்கடை குரலுக்குக் கையைத் தூக்கவே தேவையில்லை. அண்ணை, கரடியை விடுங்கோ. அங்கை சனம் சாகிறது விளிம்பிலையிருந்து விழுந்து. மேலை கம்பி வேலி ஒண்டும் இல்லை. கல்லு தேய்ஞ்சு உதிர்ந்த மணல் பாறைக்கு மேலை பரவியிருக்கும், காலை வைச்சால் உருளும். அதுக்கு மேலை காய்ஞ்ச இலை மூடியிருக்கும், மழை பெய்தால் வழுக்கும். சரிவு முதல் ஆறுதலாய்ச் சரியும், பேந்து திடீரெண்டு பாறை முடிஞ்சுபோகும். படம் எடுக்கிறன் எண்டு போனைப் பாத்துக்கொண்டு பின்னுக்கு நடக்கிற ஆக்கள்தான் கூட.

செல்லத்துரை: நான் படம் எடுக்கமாட்டன். எல்லாரும் என்னைத்தான் எடுப்பினம்.

பூரணம்: அப்ப இன்னும் மோசம். "அப்பா, இன்னும் கொஞ்சம் பின்னாலை" எண்டு மகன் சொன்னால் உந்தக் காதிலை விழாததுமாதிரி நில்லுங்கோ.

செல்லத்துரை: பழக்கமான வேலைதான். சரி, எவ்வளவு தூரம் நடக்கவேணும்?

பூரணம்: முதல் நாளைக்கு ரொக் பிரிட்ஜ் பாதை காணும். சுத்திவர 2.25 கிலோமீற்றர். நீர்வீழ்ச்சியும் வளைவும் ஒரே பாதையிலை.

செல்லத்துரை: ப்பூ! நான் நல்லூர்த் தேருக்கு நடந்து போய்வாறனான்.

பூரணம்: நல்லூருக்குப் போற வழியிலை எத்தினை ஏத்தம் அண்ணை?

செல்லத்துரை: ...வேகத்தடை ரெண்டு மூண்டு இருக்கு.

பூரணம்: அதுதான். நேய்ஸ்மித் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் 1892இலை ஒரு கணக்குச் சொன்னவர். 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடை 600 மீற்றர் ஏத்தத்துக்கு இன்னொரு மணித்தியாலம். அது காத்திரமான ஆளுக்கு. உங்களுக்கு அதைப்போல ரெண்டு மடங்கு போடுங்கோ. ஒண்டை யோசியுங்கோ: மலையெண்டால் முதல் ஏத்தம், ஏலாட்டித் திரும்பி இறங்கலாம். பள்ளத்தாக்கிலை முதல் இறக்கம், கடைசியிலை ஏத்தம். ஏலாதெண்டு உங்களுக்குத் தெரியவரேக்கை நீங்கள் அடியிலை நிப்பியள்.

செல்லத்துரை: (ரீயை வைத்துவிட்டு) ஆர் தூக்குவினம்?

பூரணம்: ஒருத்தரும் இல்லை. போனுக்குச் சிக்னலும் கன இடத்திலை கிடையாது. அதாலை எந்தப் பாதை, எத்தினை மணிக்குத் திரும்புவம் எண்டு வீட்டிலை இருக்கிற ஆளிட்டைச் சொல்லிப்போட்டுப் போகவேணும். வரைபடம் கடதாசியிலை ஒண்டு, முதலே இறக்கிவைச்ச போன் படம் ஒண்டு. ஆளுக்கொரு ரோச். பள்ளத்துக்குள்ளை வெயில் கெதியாய்ப் போயிடும், மேலை வெளிச்சம் இருக்கேக்கை கீழை மம்மலாய்க் கிடக்கும்.

செல்லத்துரை: தண்ணிக்குப் பயமில்லைத்தானே, நீர்வீழ்ச்சி இருக்கே.

பூரணம்: ஓடையிலை பச்சைத்தண்ணி குடிச்சால் மிச்சப் பயணம் முழுக்கக் குளிப்பறையிலைதான். மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் கணக்கிலை கொண்டுபோங்கோ, கோடையெண்டால் ஒரு லீற்றர். வடை கொண்டுபோறது நல்லது, வேர்க்கேக்கை உப்பும் வேணும். கச்சான் அல்வாவும் நல்லது, நசிஞ்சாலும் அல்வாதானே.

செல்லத்துரை: நீர்வீழ்ச்சி பெரிசோ?

பூரணம்: ரொக் பிரிட்ஜ் பாதையிலை இருக்கிற கிரியேஷன் ஃபோல்ஸ் சின்னன், ஆனால் வடிவு. வசந்தத்திலை, மழை பெய்து அடுத்த நாள் போனால்தான் முசுப்பாத்தி. ஆவணி, புரட்டாதியிலை நூலாய் வடியும், பேந்து என்னைப் பேசாதேங்கோ. உயரமாய்ப் பாக்க ஆசையெண்டால் தெற்கை கம்பர்லாண்ட் ஃபோல்ஸ் இருக்கு, 68 அடி. பூரணை இரவிலை வானம் வெளிச்சிருந்தால் சாரல்லை நிலா வெளிச்சத்தாலை வானவில் தெரியும். பூரணைக்கு முன்பின் ரெண்டு நாளும் பாக்கலாம்.

செல்லத்துரை: பூரணைக்கு அங்கை லீவோ?

பூரணம்: லீவில்லை. மகனை லீவெடுக்கச் சொல்லுங்கோ. இன்னொண்டு, நீர்வீழ்ச்சியின்ரை தலைப்பக்கத்தாலை ஓடையைக் கடக்கிறேல்லை, பச்சைப்பாசி படிஞ்ச கல்லு. கடக்கத்தான் வேணுமெண்டால் மேலை தள்ளிப்போய்த் தண்ணி பரந்து ஓடுற இடமாய்ப் பாருங்கோ. பையின்ரை இடுப்புப் பட்டியைக் கழட்டிவிடுங்கோ. விழுந்தால் பை போகட்டும், நீங்கள் நில்லுங்கோ.

செல்லத்துரை: செருப்போடை போகலாமே?

பூரணம்: றப்பர் செருப்பு மூண்டாவது படியிலை தனியாய்ப் போயிடும். அடி பிடிக்கிற சப்பாத்து, அரை அளவு பெரிசு. இறக்கத்திலை விரல் முன்னுக்கு இடிக்கும், நகத்தையும் வெட்டிப்போட்டுப் போங்கோ. புதுச் சப்பாத்தோடை நேரை காட்டுக்குப் போனால் குதியிலை கொப்பளம், ரெண்டு கிழமை இஞ்சையே போட்டு நடவுங்கோ. நீளக்காற்சட்டையை மேசுக்குள்ளை செருகவேணும், உண்ணி ஏறும்.

செல்லத்துரை: மருமகள் பாத்தால் சிரிப்பாள்.

பூரணம்: அவவும் செருகியிருப்பா. பாதை ஓரத்திலை மூண்டு மூண்டு இலையாய் ஒரு செடி...

செல்லத்துரை: (முகம் மலர்ந்து) வில்வம்! அங்கையும் இருக்கோ? ஒரு பிடி பிடுங்கினால் மகன் வீட்டுச் சாமியறைக்கு...

பூரணம்: ஐயோ, தொடாதேங்கோ! அது பொய்சன் ஐவி. அதின்ரை எண்ணெய் தோலிலை பட்டால் ஒண்டு ரெண்டு நாளிலை கடிச்சுக் கொப்பளிக்கும். பட்டால் உடனை சவர்க்காரம் போட்டுக் கழுவவேணும். உடுப்பையும் சப்பாத்தையும் கழுவவேணும், எண்ணெய் அதிலை நெடுநாள் நிக்கும். சாமிக்கு வைச்சால் ஐயருக்கும் கடிக்கும்.

செல்லத்துரை: பாம்பு?

பூரணம்: இருக்கு. கண்ணாலை பாக்காத இடத்திலை கையை வையாதேங்கோ, காலையும் வையாதேங்கோ. அவ்வளவுதான்.

செல்லத்துரை: எனக்கு ஏலாது பூரணம். லிவ்ற் இல்லையே?

பூரணம்: நாச்சுரல் பிரிட்ஜ் எண்ட கல்வளைவிலை இருக்கு. மாரியிலை ஓடாது, கோடையிலை ஓடும். இறக்கிவிட்ட இடத்திலையிருந்து 600 அடி நடந்தால் வளைவின்ரை முதுகிலை நிப்பியள். 78 அடி நீளம், 65 அடி உயரம், மேலை 20 அடி அகலம்.

செல்லத்துரை: உதை முதலே சொல்லியிருக்கலாமே! கம்பி வேலி?

பூரணம்: சொன்னனானே, இல்லை. நடுவாலை நடவுங்கோ. பேந்து வளைவைக் கீழையிருந்து பாக்கவேணும், அதுதான் காட்சி. கீழையிருந்து மேலை வர ஒரு வெடிப்பு இருக்கு. அதுக்குப் பேர் "தடியன் நெரிசல்".

செல்லத்துரை: ஆர் வைச்ச பேர்? என்னைத் தெரிஞ்ச ஆளோ?

பூரணம்: மூச்சை வெளியிலை விட்டுப்போட்டுப் பக்கவாட்டிலை போகவேணும். அதுக்கு முதல் நடக்கப் பழகுங்கோ. மணற்காட்டு மணல்கும்பிதான் எங்களுக்கு மலை, விடியக்காலமை போங்கோ, வெயில் ஏறினால் மணல் சுடும். ஏறேக்கை சின்ன அடி, இறங்கேக்கை முழங்காலைக் கொஞ்சம் மடிச்சு. முதுகிலை நாலு கிலோ அரிசி.

செல்லத்துரை: அரிசியைத் திரும்பவும் கொண்டுவரவேணுமோ?

பூரணம்: உங்கடை வீட்டுக்கார அக்காவைக் கேளுங்கோ.

(செல்லத்துரை அண்ணை உள்ளே போய், அரிசிப் பை திணித்த பேரனின் பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வருகிறார். நேரே கிணற்றடிக்குப் போகிறார். தண்ணித் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி.)

செல்லத்துரை: நெரிசல் உவ்வளவு இருக்குமோ?

பூரணம்: கிட்டத்தட்ட. அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ...

(சத்தம் இல்லை. பிறகு அரிசி சிந்தும் சத்தம்.)

செல்லத்துரை: பூரணம்... மூச்சை விட்டிட்டன். இப்ப எடுக்க ஏலாமல் கிடக்கு.

பூரணம்: பையைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டெல்லோ போறது!

செல்லத்துரை: அதை நீர் சொல்லேல்லை!

பூரணம்: நீங்கள் சொல்ல விட்டால்தானே. அக்கா! அந்த நல்லெண்ணெய்ப் போத்திலை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ!