22 தீர்த்தம் ஆடிட்டு வந்தவருக்கு எதுக்குய்யா கருவாட்டு விளம்பரம்?

ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தமும் ஆடி, ஈர வேட்டியோட வெளியே வர்ற ஒருத்தர் போனைத் திறக்கிறார். முதல்ல வந்து நிக்கிறது நெத்திலிக் கருவாட்டு விளம்பரம். அவரு முகம் சுளிச்சுத் தள்ளி விட்டுட்டுப் போயிடுவார். அந்த விளம்பரத்துக்குக் காசு கட்டினது யாரு? தங்கச்சிமடத்துலயோ பாம்பன்லயோ மொட்டை மாடியில வலை விரிச்சு மீன் காயப்போட்டு, காக்கா விரட்டி, அதுல மிஞ்சின நாலு காசை எடுத்து ஃபேஸ்புக்ல 'பூஸ்ட்' (பதிவைக் காசு கட்டி நிறைய பேருக்குக் காட்ட வைக்கிறது) போட்ட ஒரு அக்கா. 'ரீச் 40 ஆயிரம், அத்தனை பேர் கண்ணுல பட்டிருக்கு'ன்னு அந்த அக்காகிட்ட ஸ்கிரீன்ஷாட் காட்டி சம்பளம் வாங்கிட்டுப் போறான் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் தம்பி. ஆர்டர் எத்தனைன்னு கேட்டா மட்டும் 'பிராண்டிங் ஆகிட்டு இருக்குக்கா'ன்னு சொல்வான். வயிறு எரியுதுய்யா.

இது எப்படி நடக்குதுன்னு பாருங்க. பூஸ்ட் பட்டனை அமுக்கினா இடம் கேட்கும். ராமேஸ்வரம்னு அடிப்பாங்க. சுத்தி எவ்வளவு தூரம்னு கேட்கும். நிறைய பேருக்குப் போகட்டுமேன்னு தூரத்தைக் கடைசி வரைக்கும் இழுத்து 80 கிலோமீட்டர்ல விடுவாங்க. வரைபடத்துல அந்த வட்டத்தை ஒரு தடவையாவது பார்த்தீங்களா? ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. பெரும்பகுதி கடல். மீனா ஆர்டர் போடப் போகுது? மிச்சம் இருக்கிற நிலத்துல யாரு இருக்கா? மண்டபத்துக்காரர், தேவிபட்டினத்துக்காரர், தொண்டிக்காரர். அவங்க வாசலுக்கே கூடையில கருவாடு வருது. கூரியர் காசு கொடுத்து உங்ககிட்ட எதுக்கு வாங்கணும்?

அதோட, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்துற மெட்டாவோட விளம்பரத்துல ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தா 'அங்கே வசிக்கிறவங்க அல்லது சமீபத்துல அங்கே இருந்தவங்க' எல்லாருக்கும் சேர்த்துத்தான் போகும். முன்னாடி உள்ளூர்க்காரரையும் வந்து போறவரையும் தனித்தனியாப் பிரிக்க வழி இருந்தது. இப்போ இல்லை. தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைன்னு ஊர் ஊரா வந்து குவியற கூட்டம் மொத்தமும் உங்க 'ஆடியன்ஸ்' ஆகிடும். அதுல பலர் மீன் வாசனையே ஆகாதவங்க. இந்தத் தீவுல உட்கார்ந்து கருவாடு விக்கிறவங்க ராமேஸ்வரத்தை விளம்பர இடமாப் போடவே கூடாது. முடிஞ்சா 'இந்த இடம் வேண்டாம்'னு விலக்கியே வைக்கணும்.

அப்போ யாருக்குப் போடணும்? இந்தக் கடற்கரையை விட்டுப் போனவங்களுக்கு. சென்னை மண்ணடியில கடை வச்சிருக்கிற கீழக்கரைக்காரர், திருப்பூர்ல தங்கி வேலை பார்க்கிற முதுகுளத்தூர்ப் பையன், ஒரகடம் கம்பெனியில ஷிஃப்ட் முடிச்சு வந்து தானே சமைக்கிற சாயல்குடி ஆளு, பெங்களூர்ல குடியேறின பரமக்குடிக் குடும்பம். இவங்களுக்கு நெத்திலிக் கருவாடு என்னன்னு பாடம் எடுக்க வேண்டாம். நல்லது கிடைக்காம ஏங்கிட்டு இருக்காங்க. பூஸ்ட் பட்டனை விட்டுட்டு, மெட்டாவோட முழு விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜர்ல போய், சென்னை முழுசையும் வளைச்சுப் போடாம, இந்த மாதிரிப் பகுதியில பின் குத்தி நாலஞ்சு கிலோமீட்டர் வட்டம் போட்டாலே போதும். மொழியில தமிழ்னு போடறதுலயும் ஒரு சங்கதி இருக்கு. பெங்களூர், மும்பைன்னா போடுங்க, தமிழாளுங்களைப் பிரிச்சு எடுக்க உதவும். சென்னைக்கும் கோவைக்கும் போடாதீங்க. போனை இங்கிலீஷ்ல வச்சிருக்கிற நம்மாளே கழண்டு போகலாம்.

'விருப்பம்' பகுதியில 'சீஃபுட்'னு போட்டுட்டு காலரைத் தூக்கி விட்டுக்கிறாங்க பாருங்க, அவங்களை என்ன சொல்றது! சீஃபுட்னு தட்டினா வர்றவன் ஹோட்டல்ல கிரில் இறால் சாப்பிடறவன். கருவாட்டுக் குழம்பு வைக்கிறவன் வேற ஆளு. போதாக்குறைக்கு, ஆளை மெட்டாவே தேடிக்கிற அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸ் ஆன்ல இருந்தா நீங்க போடற விருப்பமெல்லாம் வெறும் யோசனைதான், அது இஷ்டத்துக்கு வெளியேயும் போகும். அதனால ஆளை வடிகட்டுற வேலையை விளம்பரமே செய்யணும். முதல் மூணு செகண்டுல நம்ம பேச்சு காதுல விழணும், சரக்கு கண்ணுல படணும், விலை தெரியணும்.

ஆனா இங்கே முதல் மூணு செகண்டுல என்ன வருது? பாம்பன் பாலம். 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்ததுல இருந்து கருவாடு விக்கிறவன், கருப்பட்டி விக்கிறவன், சிப்பி மாலை விக்கிறவன் எல்லாரும் ட்ரோன் வச்சு அந்தத் தூக்குப் பாலத்தையே எடுக்கிறாங்க. வியூஸ் கொட்டும், ஏன் கொட்டாது? ரயில் பிரியனும் டூர் போறவனும் இந்தியா முழுக்க இருந்து பார்ப்பான். அந்த லைக்கைப் பார்த்துட்டு, எதை யாருக்குக் காட்டறதுன்னு முடிவு பண்ற அல்காரிதம் என்ன புரிஞ்சுக்கும்? 'ஓ, இந்த ஃபேஸ்புக் பக்கம் பாலம் பிடிச்சவங்களுக்கானது.' அப்புறம் நீங்க சீலாக் கருவாடு போட்டா அதையும் தூக்கிட்டுப் போய் பாலம் பிடிச்சவன்கிட்டயே காட்டும். அவன் நகர்த்திட்டுப் போவான். உங்க பக்கம் படுத்துடும். மூணு பேரை டேக் பண்ணினா ஒரு கிலோ இலவசம்னு போட்டி வைக்கிறதும் இதே கேடுதான். வர்ற கூட்டம் இலவசத்துக்கு வந்தது.

வாங்கறவன் மனசுல உண்மையில என்ன கேள்வி ஓடுதுன்னு ஒருத்தரும் யோசிக்கிறதில்லை. மண்ணு இருக்குமா? உப்புக் கரிக்குமா? புழு வருமா? பார்சல் வந்தா பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவானா? இந்த நாலுக்கும் பதில் காட்டுங்க. தரையில இல்லாம, உயரத்துல கட்டின வலை மேல காயறதைக் காட்டுங்க. ஒரு நெத்திலியை மைக் பக்கத்துல வச்சு ஒடிச்சுக் காட்டுங்க. டக்குனு ஒடிஞ்சா காய்ஞ்ச சரக்கு, வளைஞ்சா ஈரம் நிக்குது, சீக்கிரமே பூஞ்சணம் பூத்துடும். ஒரு கை கருவாட்டை வெள்ளைத் தட்டுல வெந்நீர் ஊத்தி அலசி, தட்டுக்கு அடியில எவ்வளவு மண்ணு நிக்குதுன்னு காட்டுங்க. இதுக்கு 800 பேர்தான் பார்ப்பாங்க. அந்த 800 பேரும் குழம்பு வைக்கிறவங்க. கீழே எழுதும்போது சீலான்னு மட்டும் எழுதாம வஞ்சிரம், நெய்மீன்னும் சேர்த்து எழுதுங்க. சென்னைக்காரர் ஒண்ணைத் தேடுவார், நாகர்கோவில்காரர் இன்னொண்ணைத் தேடுவார்.

விலையைப் போடாம 'இன்பாக்ஸ் பண்ணுங்க'ன்னு எழுதற வியாதி இருக்கே, அதுக்கு மருந்தே கிடையாது. விலை தெரியாம வாட்ஸ்அப்ல வர்ற நூறு பேர்ல தொண்ணூறு பேர் விலையைக் கேட்டுட்டு ஓடிடுவாங்க. அந்தத் தொண்ணூறு பேருக்கும் நீங்க விளம்பரக் காசு கட்டியாச்சு. கணக்கு போட்டுக் காட்டறேன், கோபப்படாதீங்க. 2,000 ரூபாய்க்கு விளம்பரம். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 2,360. எண்பது பேர் மெசேஜ், வாங்கினது நாலு பேர்னு வைங்க. ஒரு ஆளைப் பிடிக்க 590 ரூபாய். அரைக் கிலோ 600 ரூபாய்க்கு வித்து, உங்களுக்கு நிக்கறது 180 ரூபாய்னா, ஆளுக்கு 410 ரூபாய் கைநட்டம். இதை மூணு நாள் ஓட்டிட்டு நிறுத்தி, இன்னொரு படம் மாத்தி, திரும்ப மூணு நாள் ஓட்டறது. ஒரு விளம்பரத் தொகுப்பு நிதானத்துக்கு வரணும்னா ஒரு வாரத்துல சுமார் 50 பலனாவது (மெசேஜோ ஆர்டரோ) வேணும்னு மெட்டாவே சொல்லுது. தினம் 200 ரூபாயை அஞ்சு விளம்பரமாப் பிரிச்சுப் போட்டா, யாருக்குக் காட்டணும்னு அது ஒண்ணும் கத்துக்காது. ஒண்ணே ஒண்ணு போடுங்க, எடை, விலை, கூரியர் காசு மூணும் படத்துலயே இருக்கட்டும், கையை வச்சுக்கிட்டு ஒரு வாரம் சும்மா இருங்க.

நாள் கிழமை பார்க்காம விளம்பரம் போடறது அடுத்த கூத்து. புரட்டாசி மாசம் கருவாட்டுக்குப் பூஸ்ட்! பாதித் தமிழ்நாடு விரதத்துல இருக்கு. கார்த்திகையில மாலை போட்ட வீட்டுல கருவாடு உள்ளேயே நுழையாது. அதோட ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழை. காயவே காயாது. அந்த நேரத்துல ஆர்டர் பிடிச்சு ஈரச் சரக்கை அனுப்பி, வாங்கினவனைக் காலத்துக்கும் இழக்கறாங்க. உண்மையான நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் வர்ற 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில நிக்கும், பச்சை மீன் விலை ஏறும், கருவாட்டுக்குக் கை நீளும். பங்குனியிலயே காயவச்சு இருப்பு வச்சுக்கிட்டு, ஏப்ரல் முதல் வாரம், சம்பளம் வந்த கையோட பழைய ஆளுங்களுக்கு மெசேஜ் போகணும். தடைக்காலம் தொடங்கின பிறகு முழிச்சுக்கிட்டு விளம்பரம் போட்டா சரக்கு ஏது?

பழைய ஆளுங்கன்னதும் ஞாபகம் வருது. வாங்கினவன் நம்பரை பில் புக்குல எழுதி வச்சுட்டு மறந்துடறாங்களே, அதை நினைச்சாத்தான் எரிச்சல் உச்சிக்கு ஏறுது. 590 ரூபாய் கொடுத்துப் பிடிச்ச ஆள்யா அவன்! ரெண்டாவது, மூணாவது தடவை வாங்கும்போதுதான் உங்களுக்கு லாபமே. வாட்ஸ்அப் பிசினஸ்ல லேபிள் போடுங்க: நெத்திலி, சீலா, கருப்பட்டி மட்டும்னு. ஒரே மெசேஜைப் பலருக்கு அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒண்ணுல 256 பேர் வரைக்கும்தான், அதுவும் உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்குத்தான் போய்ச் சேரும். இது தெரியாம 'மெசேஜ் அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடலை'ன்னு புலம்பல். பார்சலுக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு வச்சு, நம்பரை சேவ் பண்ணினா தடைக்காலத்துல முதல்ல உங்களுக்குத்தான்னு எழுதுங்க. நூறு பேர் நம்பர் சேர்ந்துட்டா, முன்னாடி நாட்டுக் குறியீடு 91 போட்டு அந்தப் பட்டியலை ஆட்ஸ் மேனேஜர்ல ஏத்தி, இதே மாதிரி ஆளுங்களைத் தேடுன்னு சொல்லலாம். எல்லா நம்பரும் பொருந்தாது, நூத்தைம்பதாவது ஏத்துங்க. இதுக்கு மேல நல்ல ஆடியன்ஸ் எந்தக் கொம்பன் கொடுப்பான்?

ஒரே பட்டியல்ல எல்லாரையும் அள்ளிப் போடாதீங்க. நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாயும் (உருண்டை மிளகாய்) சேர்த்து விக்கிறீங்கன்னா, அதை வாங்கறவர் பலர் சைவம். 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதுக்கு அப்புறம் அதைப் பேரைச் சொல்லித் தேடி வர்றவங்க இருக்காங்க. அவங்களுக்குக் கருவாட்டுப் படம் அனுப்பினா அன்னைக்கே பிளாக்.

கேஷ் ஆன் டெலிவரியைத் திறந்து வச்சுட்டு 'ஆர்டர் குவியுது'ன்னு துள்ளறவங்களுக்கும் ஒண்ணு. ஆளே வீட்டுல இல்லைன்னு கருவாடு திரும்பி வந்தா போன காசும் வந்த காசும் உங்க தலையில. சரக்கு வெயில்லயும் மழையிலயும் சுத்திட்டு வந்து நாய்க்குக்கூட ஆகாது. பெட்டி அளவும் பாருங்க. நெத்திலி எடை இல்லாம இடத்தை அடைக்கிற சரக்கு. 30, 25, 20 செண்டிமீட்டர் பெட்டின்னா பெருக்கி 5,000ல வகுத்துப் பெரும்பாலான கூரியர்ல 3 கிலோவுக்குக் காசு வாங்குவான், உள்ளே ஒரு கிலோ இருந்தாலும். டெல்லி ஆர்டர்ல லாபம் எங்கே போச்சுன்னு அப்புறம் தேடக் கூடாது. தமிழ்நாடு, புதுச்சேரி, பெங்களூர் மூணோட நிறுத்துங்க. வாக்குவம் கவர்ல அப்படியே போட்டா வாளை முள்ளு கவரைக் குத்திக் காத்து ஏறிடும், நாறும். தாள்ல சுத்தி ரெட்டைக் கவர் போடுங்க.

கடைசியா அந்த மார்க்கெட்டிங் தம்பிங்க விஷயம். விளம்பரக் கணக்கை அவங்க பேர்லயே தொடங்கி, உங்க காசுல ஓட்டறாங்க. நீங்க விலகின அன்னைக்கு அத்தனை நாள் சேர்ந்த ஆடியன்ஸ், எந்தப் படத்துக்கு ஆர்டர் வந்ததுங்கிற கணக்கு, சில இடத்துல பக்கத்தோட அட்மின் உரிமையும்கூட அவங்ககிட்டயே நின்னுடும். பிசினஸ் கணக்கும் விளம்பரக் கணக்கும் உங்க பேர்ல, உங்க கார்டுல இருக்கணும். அவங்களைப் பார்ட்னரா மட்டும் சேருங்க, வேண்டாம்னா ஒரு பட்டனைத் தட்டி எடுத்துடலாம். 'அப்படி எங்க கம்பெனியில வழக்கம் இல்லை சார்'னு சொன்னான்னா, டீயைக் கொடுத்து பஸ் ஏத்தி விட்டுடுங்க.