19–15 என்று சிரிக்கிறவர்களுக்கு

ஆஸ்திரேலிய மகளிர் ஃபுட்டியைக் கிண்டல் பண்ணின அந்தப் பதிவை இங்கே ஷேர் பண்ண மாட்டேன், அதுக்கு ரீச் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. நேற்று ராத்திரியிலிருந்து பாதிப் பேர் என்னை அதில் டேக் பண்ணியாச்சு, அதனால் விஷயம் தெரியும் உங்களுக்கு. "ஃபைனல்லயே 19–15. இதுக்கு ஒரு ப்ரொஃபஷனல் லீக், சம்பளம் வேற" என்று ஒரு வரி. கூடவே சிரிப்பு எமோஜி வரிசை. கீழே நம்ம நண்பர்கள் சிலரும் போய்ச் சிரித்திருக்கிறார்கள். நல்லது.

அந்த 19–15 எது தெரியுமா? 2022 நவம்பரில் நடந்த ஏஎஃப்எல்டபிள்யூ இறுதி ஆட்டம். அதுதான் ஆஸ்திரேலிய மகளிர் ஃபுட்டி லீக்; சாக்கர் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் காலாலும் கையாலும் ஆடுகிற ஆட்டம். பிரிஸ்பேனை மெல்பர்ன் அணி நாலு பாயிண்டில் தோற்கடித்தது. மெல்பர்ன் கேப்டன் டெய்சி பியர்ஸ், அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 பாயிண்ட்; கொஞ்சம் விலகிப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் பிஹைண்ட், 1 பாயிண்ட். மெல்பர்ன் எடுத்தது 2 கோல், 7 பிஹைண்ட். எதிரணி 2 கோல், 3 பிஹைண்ட். கடைசி சைரன் வரை யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியாத ஆட்டம். ஒண்ணு–பூஜ்யத்தில் முடிகிற சாக்கர் மேட்சை "என்னா டிஃபென்ஸ்!" என்று கொண்டாடுகிற அதே ஆட்கள்தான் இங்கே ஸ்கோர் கம்மி என்கிறார்கள்.

சரி, கணக்கே பேசுவோம். ஆண்கள் ஆட்டத்தில் ஒரு குவார்ட்டர் 20 நிமிடம், அதற்கு மேல் ஆட்டம் நின்ற நேரமும் சேரும். முடியும்போது பல சமயம் அரை மணி ஆகிவிடும். பெண்களுக்குக் குவார்ட்டரே அதைவிடச் சின்னது, நின்ற நேரத்தையும் அப்படி முழுசாகச் சேர்ப்பதில்லை. களத்தில் அங்கே 18 பேர், இங்கே 16. ஆக, நேரத்தையும் ஆளையும் நீங்களே வெட்டிவிட்டு, "ஏன் ஸ்கோர் கம்மி?" என்று நீங்களே கேட்கிறீர்கள். அரைச் சம்பளம், அரை நேரம், தீர்ப்பு மட்டும் முழுசு. நான் இந்தப் பதிவில் சொல்ல வந்தது இது ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கிக்கே சரியா பண்ணத் தெரியலையே" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இது கொஞ்சம் நியாயமான கேள்வி, அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன். ட்ராப் பண்ட் என்கிற அந்த அடி பார்க்கத்தான் சுலபம். பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, உதைக்கிற காலுக்கு நேர் மேலே, அந்தக் கைப் பக்கமாகவே விட வேண்டும். விழும்போது பந்து சாயக்கூடாது. நீட்டின பாதத்தில் பந்தின் கீழ்முனை பட வேண்டும். பட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டு நேராகப் போகும். விடும்போது கை கொஞ்சம் ஆடினாலும் சரி, உயரத்திலிருந்து விட்டுக் காற்று தள்ளினாலும் சரி, பந்து சாய்ந்து பக்கவாட்டில் ஓடிவிடும். அதுவும் ஒருத்தி இடுப்பைப் பிடித்து இழுக்கும்போது, ஓடிக்கொண்டே, இரண்டு காலாலும் அடிக்கத் தெரிய வேண்டும். ஐந்து வயதில் ஆரம்பித்து இருபது வயது வரை இடைவெளி விடாமல் அடித்தால்தான் அது உடம்பில் ஊறும்.

அந்த இடைவெளி விடாமல் என்பதுதான் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. பையன்களோடு ஆடிக்கொண்டிருந்த பெண்ணை 12, 13 வயதில் "இனி வராதே" என்று அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் ஆட வேறு டீம் கிடையாது. விக்டோரியாவில் பென்னி கூலா-ரீட் என்ற பெண்ணும் இன்னும் இரண்டு சிறுமிகளும் 2000-களின் தொடக்கத்தில் இதற்காகத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். ஃபுட்டி ஆட அனுமதி கேட்டு வழக்கு! அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் சிறுமிகளுக்கென்று முறையான போட்டிகள் வந்தன. அதே பென்னி 2017-இல் காலிங்வுட் அணிக்காக ஆடினார்.

எரின் பிலிப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கிரெக் பிலிப்ஸ் போர்ட் அடிலெய்ட் ஃபுட்டி அணியில் பெரிய பெயர். மகளுக்கும் அதே ரத்தம்தான், ஆனால் 13 வயதோடு கதவு சாத்தியாச்சு. என்ன செய்தார்? கூடைப்பந்துக்குப் போனார். சும்மா போகவில்லை: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி, அமெரிக்காவின் மகளிர் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவில் 2012-இலும் 2014-இலும் இரண்டு வேறு அணிகளோடு சாம்பியன். 2017-இல் மகளிர் லீக் தொடங்கியபோது 31 வயதில் ஃபுட்டிக்குத் திரும்பி வந்து, முதல் சீசனிலேயே லீக்கின் சிறந்த வீராங்கனை விருது, அணிக்குக் கோப்பை. அந்தப் பதினெட்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? எமோஜி போட்டவர் கொடுப்பாரா?

இப்போது சம்பளம். 2017-இல் ஒரு கிளப்புக்கு இரண்டே பேருக்கு 27,000 ஆஸ்திரேலிய டாலர். பெரும்பாலானவர்களுக்கு 8,500. மாதத்துக்கு இல்லை சாமி, சீசன் முழுசுக்கும். டெய்சி பியர்ஸ் பிரசவம் பார்க்கும் நர்ஸாக வேலை செய்துகொண்டேதான் ஆடினார். மற்றவர்களில் டீச்சர் உண்டு, எலக்ட்ரீஷியன் உண்டு, ஆம்புலன்ஸில் ஓடுகிறவர்கள் உண்டு. பகல் முழுக்க வேலை, சாயங்காலம் பயிற்சி, காலையில் மறுபடி டியூட்டி. 2022-இல்தான் அடிமட்டச் சம்பளம் 39,184 ஆனது. லீக்கும் ஆட்டக்காரர்களும் 2023-இல் போட்ட ஒப்பந்தப்படி 2027-இல் சராசரி 82,000 வரும். அதே வருஷம் ஆண்களின் சராசரி ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். "சமமா கேக்குறாங்க" என்று எழுதினவர் எந்த ஊர் கால்குலேட்டர் வைத்திருக்கிறாரோ.

"கூட்டமே வராத ஆட்டத்துக்கு எதுக்குக் காசு?" இது எப்படியும் வரும் என்று தெரியும். 2019 இறுதி ஆட்டத்துக்கு அடிலெய்ட் ஓவலில் 53,034 பேர். "அது இலவச அனுமதி" என்பீர்கள். ஆமாம், இலவசம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பிடிக்காத ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்தாலும் அத்தனை பேர் வந்து உட்கார மாட்டார்கள். இதையும் கேளுங்கள்: சீசனுக்கு ஒரு அணியின் ஆட்டங்களை 14 ஆக்க வேண்டுமென்றால் சராசரியாக 6,000 பேர் வர வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தில் நிபந்தனை. அதைப் போட்டுவிட்டு 2024-இல் பத்து வாரத்துக்குள் 11 ஆட்டத்தைத் திணித்து, செவ்வாய், புதன் என்று வார நடுவில் வைத்தார்கள். வேலை நாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யார் வருவார்கள்? கூட்டம் குறைந்தது. உடனே "பாத்தீங்களா, ஆர்வமே இல்லை" என்றார்கள்.

ஸ்கோரைப் பார்த்தவர்கள் முழங்காலைப் பார்ப்பதில்லை. ஏசிஎல், அதாவது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்திருக்கும் நார், கிழிவது இந்த லீக்கில் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதக்கூட வேண்டாம். ஓடி வந்து கால் ஊன்றித் திரும்புகிற நொடியில் முட்டி உள்பக்கம் மடங்கும், அவ்வளவுதான். தொடையின் பின்பக்கத் தசைநாரையோ முட்டிச்சில்லின் நாரையோ எடுத்துப் புதிய நார் வைப்பார்கள். முதல் சில வாரம் வீக்கம் இறங்கி கால் முழுசாக நீள வேண்டும். ஓட மூன்று நான்கு மாதம். திசை மாற்றி ஓட ஆறு மாதத்துக்கு மேல். ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து கூடும், அதனால் பலருக்கும் ஒரு வருஷம் போய்விடும். நர்ஸ் வேலை பார்க்கிற ஒருத்திக்கு இது களத்தோடு முடிகிற காயமா? ஊன்றுகோலோடு வார்டில் டியூட்டி பார்க்க முடியுமா?

எரினுக்கு அந்த 2019 இறுதி ஆட்டத்தில்தான் அது நடந்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. ஆட்ட நாயகியும் அவர்தான். அடுத்த சீசனில் திரும்பி வந்தார், 2022-இல் இன்னொரு கோப்பையும் எடுத்தார்.

"விமர்சனமே பண்ணக் கூடாதா?" தாராளமாகப் பண்ணுங்கள். ஆட்டம் நின்று அம்பயர் பந்தை மறுபடி போடுகிற ஸ்டாப்பேஜில் ஆள் குவிகிறது, பந்து வெளியே வர மாட்டேன் என்கிறது, அதைப் பேசுங்கள், நானும் பேசுகிறேன். ஆனால் நேற்று அங்கே வந்த கமெண்ட்களில் ஆட்டத்தைப் பற்றி எத்தனை, உடம்பைப் பற்றி எத்தனை என்று பார்த்தீர்களா? 2019 மார்ச்சில் டெய்லா ஹாரிஸ் என்ற வீராங்கனை பந்தை உதைக்கிற படம் வந்தது; கால் தலைக்கு மேலே, முழு உடம்பும் காற்றில். அதன் கீழேயும் இதே குப்பை. படத்தைப் போட்ட டிவி சேனல் செவன் என்ன செய்தது? குப்பை போட்டவர்களை விட்டுவிட்டு, படத்தை எடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு மறுபடி போட்டது. அதே உதையைச் சிலையாக்கி மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்திலும் வைத்தார்கள்.

அந்தப் படத்தைத்தான் கீழே போட்டிருக்கிறேன். அதே மாதிரி கமெண்ட் இங்கேயும் வந்தால் படம் போகாது, ஆள்தான் போவார். நண்பரா இருந்தாலும் சரி.