ஏஜென்டுக்கு எதற்குப் பணம்?

கப்பலில் எனக்கு வாய்த்த முதல் சீஃப் இன்ஜினியர், கருங்கடல் துறைமுகமான ஒடெசாக்காரர். 1994ஆம் வருடம். சோவியத் ஒன்றியம் கலைந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அங்கே படித்தவர்கள் வேலை தேடி வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல்களுக்கு வந்துகொண்டிருந்த நேரம். நான் தூத்துக்குடியிலிருந்து போன ஜூனியர். ஏறின மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டும் பென்சிலும் தந்தார். கப்பலின் அடியில் தேங்கும் கழிவுநீரை இறைக்கும் பில்ஜ் லைனைக் குழாய் குழாயாகப் பின்தொடர்ந்து போய், ஒவ்வொரு வால்வையும் கையால் தொட்டுப் பார்த்து, வரைந்துகொண்டு வா என்றார். வரைபடம்தான் கன்ட்ரோல் ரூம் சுவரில் மாட்டியிருக்கிறதே சார் என்றேன். "அது கப்பலைக் கட்டினவன் வரைந்தது. நீ வரைந்ததைக் காட்டு" என்றார்.

நான்கு நாள் ஃப்ளோர் பிளேட்டுகளுக்கு அடியில் தவழ்ந்தேன். சுவரில் மாட்டியிருந்த படத்தில் இல்லாத இரண்டு வால்வுகளைக் கண்டுபிடித்தேன். அவருக்கு அவை முன்பே தெரியும். நான் கண்டுபிடிக்கிறேனா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் இரவு எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையரில் வேலை முடிந்து டீ குடிக்கும்போது, நீ எப்படிக் கப்பலுக்கு வந்தாய் என்று கேட்டார். மெக்கானிக்கல் படிக்க அம்மாவின் நகை போனது, அப்புறம் கப்பலில் இடம் வாங்க ஏஜென்டுக்குக் கொடுப்பதற்காக அப்பா வயலை விற்றார் என்று சொன்னேன். அவருக்குப் புரியவே இல்லை. அவருக்குத் தெரிந்த ஏஜென்ட், துறைமுகத்தில் கப்பலுக்குத் தண்ணீரும் எண்ணெயும் ஏற்பாடு செய்பவர். "அவருக்கு எதற்கு நீ பணம் கொடுக்க வேண்டும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒருவழியாக விளங்கிய பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எங்கள் ஊரில் கப்பலுக்கு அனுப்புவது பள்ளியின் வேலை, மாணவனின் வேலை இல்லை என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை வருடம் கழித்து இதை எழுதுகிறேன். சோவியத் கல்வி என்றாலே இங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் எல்லாம் இலவசம், எல்லாம் பொற்காலம். இன்னொரு பக்கம் எல்லாம் சிறைச்சாலை. கடலுக்கும் ஆற்றுக்கும் பொறியாளர்களை அவர்கள் உருவாக்கிய விதத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தவன் என்ற முறையில், இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது என்று தெரியும். ஆனால் அவர்கள் சரியாகச் செய்த ஒரு விஷயத்தை நாம் இன்றுவரை செய்யவில்லை.

ஒரு ஆண்டை மட்டும் நினைவில் வையுங்கள்: 1930. லெனின்கிராடு நீர்ப்போக்குவரத்துக் கழகம், ஒடெசா நீர்ப்போக்குவரத்துப் பொறியாளர் கழகம், வோல்கா கரையில் கார்க்கி நகரத்துக் கழகம், மூன்றும் அந்த ஒரே ஆண்டில் பிறந்தவை. கழகம் என்றால் இங்கே பொறியியல் கல்லூரி. லெனின்கிராடு கப்பல் கட்டும் கழகமும் அப்படியே. முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பொறியாளர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். பெரிய பல்தொழில்நுட்பக் கல்லூரிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அந்தந்தத் தொழில்துறையின் கையில் கொடுத்தார்கள். ஆற்றுக்குப் பொறியாளர் வேண்டுமா, ஆற்றை நடத்துகிற துறையே பள்ளியையும் நடத்தட்டும். கடலுக்கும் அதே கணக்கு.

நல்லதும் கெட்டதும் இந்த ஏற்பாட்டிலிருந்தேதான் வந்தன. பள்ளிக்கும் கப்பலுக்கும் ஒரே முதலாளி என்பதால் மாணவன் பயிற்சிக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கப்பலோ, பழுதுபார்க்கும் தளமோ, துறைமுகமோ, இடம் முன்பே குறித்திருக்கும். படிப்பு முடிந்ததும் மூன்று வருடம் அரசு சொல்லும் இடத்தில் வேலை. கட்டாயம்தான். ஆனால் வேலை இல்லை என்ற பேச்சே கிடையாது.

கெடுதல் என்னவென்றால், படிப்பு மிகவும் குறுகிப்போனது. அந்த அவசரத்தில் கற்பிக்கும் முறையிலும் விபரீதங்கள் நடந்தன. மாணவர்கள் குழுவாகப் படித்து, குழுவில் ஒருவன் பதில் சொன்னால் எல்லோருக்கும் தேர்ச்சி என்றொரு முறை கொஞ்ச காலம் இருந்தது. அப்படித் தேறிய ஒருவன் பாய்லர் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். நல்லவேளை, 1932இல் அதைக் கைவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர் இன்ஜினியர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயர் வருகிறது. திமொஷென்கோ. 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' படித்தவர்கள் அவரைத் தாண்டி வந்திருக்க முடியாது. பின்னாளில் லெனின்கிராடு ஆன பீட்டர்ஸ்பர்கில் 1809இல் தொடங்கிய போக்குவரத்துப் பொறியாளர் கழகத்தில் படித்து 1901இல் பட்டம் பெற்றவர் அவர். லெனின்கிராடு நீர்ப்போக்குவரத்துக் கழகம் கிளைத்ததும் அந்த மரத்திலிருந்துதான். புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போய் அமெரிக்காவில் குடியேறினார். 1958இல், எண்பதை நெருங்கும் வயதில், திரும்பிப் போய் சோவியத் பொறியியல் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து ஒரு சிறு நூலே எழுதினார். சோதனைகளையெல்லாம் செய்து பார்த்துவிட்டுப் பள்ளிகள் பழைய வழிக்கே திரும்பியிருந்ததை அவர் கண்டார். கணிதம், இயக்கவியல், பொருள்களின் வலிமை என்ற அடித்தளம் கெட்டியாக இருந்தது. அங்கே மாணவர்களிடம் ஒரு வழக்கு உண்டு: பொருள்களின் வலிமைப் பாடத்தில் தேறிவிட்டால் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று. எங்கள் சீஃபும் அதைச் சொல்வார். அவருக்குக் கல்யாணம் நடந்தது அந்தத் தேர்வு முடிந்த மறு மாதமாம்.

அடித்தளம் திரும்பிக் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே தொலைந்துபோன ஒன்று திரும்பவே இல்லை. அது பொறியாளனின் வாய்.

1928இல் ஷாக்தி வழக்கு. நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர்களும் தொழில்நுட்பர்களுமாக 53 பேர் நாசவேலை செய்தார்கள் என்று கூண்டில் ஏற்றப்பட்டார்கள். ஐந்து பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1930இல் இன்னொரு பெரிய வழக்கு, மறுபடியும் பொறியாளர்கள் மீதே. இவை இரண்டுக்கும் நடுவே, 1929 மே மாதம், பொதுவெளியில் விசாரணை எதுவும் இல்லாமல் சுடப்பட்டவர் பியோத்தர் பால்சின்ஸ்கி. சுரங்கப் பொறியாளர்தான், ஆனால் நம் விஷயத்துக்கு மிகவும் நெருக்கமானவர். ஜார் காலத்தில் ஐரோப்பாவில் ஒதுங்கி வாழ்ந்தபோது அங்குள்ள துறைமுகங்களை ஆராய்ந்து பல பாகங்களாக எழுதினார். கிரேனும் தண்டவாளமும் ஆழமும் மட்டும் போதாது, அங்கே வேலை செய்கிறவனின் வீடு, அவன் பிள்ளையின் பள்ளிக்கூடம், மருத்துவம், கூலி எல்லாம் சேர்ந்ததுதான் துறைமுகத்தின் திறன் என்பது அவர் வாதம். துறைமுகப் பொறியியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது. தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட ஒரு அரசு, இதைச் சொன்ன மனிதரைக் கொன்றது. இதைப் படித்த நாள் முதல் எனக்கு ஆறவில்லை.

அவர் போன பிறகு என்ன நடந்தது என்பதற்கு வெண்கடல்-பால்டிக் கால்வாயே சாட்சி. 227 கிலோமீட்டர், 19 நீர்ப்பூட்டுகள். 1931இல் தொடங்கி 20 மாதத்தில் முடித்தார்கள். தோண்டியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள். வடிவமைத்த பொறியாளர்களிலேயே பலர் கைதிகள். பல்லாயிரம் உயிர் போனது. கடைசியில் ஆழம் போதாமல் பெரிய கடற்கப்பல்கள் அதற்குள் வர முடியவில்லை. ஆழம் போதாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, பயிற்சிக்கு வருவோம். இரண்டு வகைப் பள்ளிகள் இருந்தன. கழகங்கள் பெரும்பாலும் கரையில் நிற்பவர்களுக்கானவை: கப்பல் கட்டுபவர், பழுது பார்ப்பவர், அணை, கால்வாய், துறைமுகம் கட்டுபவர். ஒடெசாவில் துறைமுக இயந்திரங்களுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. கிரேனும் சரக்கு கையாளும் இயந்திரமும் அங்கே ஒரு முழுப் பட்டப்படிப்பு. கடலோடிகளுக்கு உயர் பொறியியல் கடற்பள்ளிகள். ஒடெசா நகரம் 1944 ஏப்ரலில் எதிரிகளிடமிருந்து மீண்டது. அதே ஆண்டில் அங்கே அப்படி ஒரு பள்ளி தொடங்கிவிட்டார்கள். சீருடை, சாப்பாடு, படுக்கை எல்லாம் அரசுடையது. காலையில் அணிவகுப்பு, இரவில் விடுதிக் காவல். ஐந்து வருடத்துக்கு மேல் படிப்பு, நடுவே மாதக்கணக்கில் கப்பல். எண்ணெய் துடைப்பவனாக ஏறி, மோட்டார்காரனாக வளர்ந்து, அதற்கப்புறம்தான் பொறியாளன்.

ஆற்றுப் பக்கம் இன்னும் அழகு. வோல்காவின் மேல்பகுதி வருடத்தில் ஐந்தாறு மாதம் உறைந்து கிடக்கும். பனி உருகியதும் 'நவிகாத்சியா' என்ற கப்பல் பருவம் தொடங்கும். பனிக்காலத்தில் கப்பல்கள் ஒதுங்கு நீர்நிலைகளில் கட்டிக்கிடக்க, அவற்றை ஓட்டியவர்களே பழுதும் பார்ப்பார்கள். கோடையில் ஓட்டிய இயந்திரத்தைக் குளிர்காலத்தில் தானே பிரித்துப் பார்க்கும்போது, ஜூலையில் தான் செய்த தவறு ஜனவரியில் தன் கையிலேயே தேய்மானமாக வந்து நிற்கும். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆற்றுக் கப்பல்களில் ஓட்டுநரும் இயந்திரக்காரரும் ஒருவரே என்ற இரட்டைப் பயிற்சி பிற்காலத்தில் பரவியதும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

பட்டத்துக்கான இறுதித் திட்டத்தையும் அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோஸ்திஸ்லாவ் அலெக்ஸேயெவ் 1941இல் கார்க்கி நகரத் தொழில் கழகத்தில் கொடுத்த திட்டம், தண்ணீருக்கடியில் இறக்கை பூட்டிய படகு. போர்க்காலத்திலும் விடாமல் அதையே செய்தார். 1957இல் அவருடைய 'ரக்கேத்தா' வோல்காவில் கார்க்கி நகரத்திலிருந்து கசான் வரை 420 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் ஓடியது. ஒரு மாணவனின் திட்டம் அலமாரிக்குள் தூங்காமல் ஆற்றுக்கு வந்துவிட்டது!

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வழியும் பெரிதாகத் திறந்திருந்தது. 1960 வாக்கில் உயர்கல்வியில் இருந்த சுமார் 24 லட்சம் பேரில் பாதிக்கு மேல் மாலை வகுப்பிலோ அஞ்சல் வழியிலோ படித்தவர்கள். தேர்வுக்குச் சம்பளத்துடன் விடுப்பு. ஆன்னா ஷெட்டினினாவைப் பாருங்கள். 1935இல், 27 வயதில், ஹாம்பர்கிலிருந்து ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் கம்சாத்கா வரை கப்பலைக் கொண்டுபோன பெண் கேப்டன். பெயர் வாங்கின பிறகும் 1938இல் லெனின்கிராடு கழகத்தில் மாணவியாகச் சேர்ந்து, நான்கு வருடப் பாடத்தை இரண்டரை வருடத்தில் முடித்தார். போர் குறுக்கிட்டது. மிச்சத்தைப் போருக்குப் பிறகு முடித்து, கடைசியில் தானே வகுப்பெடுக்கப் போனார்.

தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எப்போதும் இலவசம் என்பதும் சரியில்லை. 1940 முதல் 1956 வரை கல்லூரிகளில் கட்டணம் இருந்தது. மாஸ்கோ, லெனின்கிராடு போன்ற இடங்களில் வருடத்துக்கு 400 ரூபிள், மற்ற ஊர்களில் 300. வரலாற்றை முழுதாகச் சொன்னால்தான் அதன் நல்ல பகுதியை எதிரியும் நம்புவான்.

இனி எங்கள் சீஃபின் கதை. 1975இல் பட்டம், நல்ல மதிப்பெண். கட்சி வரலாறு, அரசியல் பொருளாதாரம், விஞ்ஞானக் கம்யூனிசம் என்று கட்டாயப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறினார். ஆனால் வெளிநாட்டுத் துறைமுகம் போக 'விசா' வேண்டும். அது தூதரகத்தில் குத்தும் முத்திரையில்லை. இவன் நம்பத் தகுந்தவன் என்று தன் சொந்த நாடே தரும் அனுமதி. தாய்மாமன் ஒருவர் போரில் சிதறிப் போய் கனடாவில் இருந்தார். அவ்வளவுதான், கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் அட்லாண்டிக் தாண்டினார்கள். வெளிநாட்டுப்படியை மாலுமிகளுக்கான சிறப்புச் சீட்டாக வாங்கி 'அல்பத்ரோஸ்' கடையில் ஜீன்ஸும் டேப் ரெக்கார்டரும் எடுத்தார்கள். அவர்கள்மேலும் ஒவ்வொரு கப்பலிலும் அரசியல் அதிகாரியின் கண் இருந்தது, கரைக்குப் போனால் குழுவாகத்தான் போக வேண்டும். இவரோ இழுவைப்படகிலும் தூர்வாரும் கப்பலிலும் நூற்றிச் சொச்சம் ரூபிள் சம்பளத்தில் பதினான்கு வருடம் கருங்கடல் கரையோரமே ஓட்டினார். கடலுக்கென்றே ஐந்தரை வருடம் வளர்த்த பிள்ளையைக் கரையோரம் கட்டிப்போட்டால் அந்தப் படிப்புக்கு என்ன அர்த்தம்?

மூடி மறைப்பது பள்ளிக்கூடத்தையும் கெடுக்கும். 1983 ஜூன் 5 அன்று வோல்காவில் 'அலெக்சாந்தர் சுவோரவ்' என்ற பயணிகள் கப்பல் ரயில் பாலத்தின் தவறான கண்ணுக்கடியில் புகுந்து மேல்தளம் நொறுங்கியது. 170க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பத்திரிகைகளில் வந்தது சில வரிச் செய்தி மட்டுமே. நாங்கள் ஒவ்வொரு விபத்து அறிக்கையையும் வாட்ச் முடிந்து உட்கார்ந்து வரிவரியாகப் படித்து வளர்ந்தவர்கள். அது எவ்வளவு பெரிய படிப்பு என்று எங்களுக்குத் தெரியும்.

இந்தக் கொடுமைகள் அந்த அரசியலோடு வந்தவை. ஆனால் பயிற்சிக்கு இடம் தருவது பள்ளியின் பொறுப்பு என்ற ஏற்பாட்டுக்கு ஒற்றனும் வேண்டாம், விசா அதிகாரியும் வேண்டாம். அதற்குக் கப்பல் வைத்திருப்பவனும் பள்ளி நடத்துபவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் போதும். இன்று நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு, சான்றிதழோடு ஒரு பயிற்சி இடத்துக்காக அலைகிறார்கள். என்னிடமே மாதம் இரண்டு பேராவது கேட்டு வருகிறார்கள். மாணவனுக்குக் கப்பலில் பயிற்சி இடம் தர முடியாத எந்தக் கல்லூரிக்கும் சேர்க்கைக்கு அனுமதி தரக்கூடாது என்பது என் கருத்து. இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

சீஃப் முதன்முதலாகக் கருங்கடலைத் தாண்டியது 1992இல். கருங்கடலின் வாசலான பாஸ்பரஸ் நீரிணை வழியாகப் போகும்போது சீஃப் கன்ட்ரோல் ரூமை விட்டு நகர முடியாது. அதனால் இஸ்தான்புல்லைப் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருந்தார். எங்கள் கப்பலும் 1994 நவம்பரில் அதே வழியாக வந்தது. செகண்ட் இன்ஜினியருக்கு என்னவோ தோன்றி, நான் பார்த்துக்கொள்கிறேன், கேப்டனிடமும் கேட்டாயிற்று, பத்து நிமிடம் மேலே போய் வாருங்கள் என்றார். சீஃப் கையைத் துடைத்துக்கொண்டு படியேறினார். நான்கு நிமிடத்தில் திரும்பிவிட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் ஜாக்கெட் வாட்டரின் சூடு எவ்வளவு என்று என்னிடம் கேட்டார்.