ஏழைப் பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கட்டடம்?

தமிழ் அச்சு வரலாறு படித்தவர்களுக்கு ஹாலே என்ற ஜெர்மன் ஊர்ப்பெயர் பழக்கம்தான். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர். அங்கே தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அனுப்பிய ஊர். ஆனால் இதற்கெல்லாம் அடித்தளமாக இருந்த பள்ளிக்கூடத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. லத்தீனா என்று அழைக்கப்படும் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களைத் தயார்செய்யும் ஜிம்னாசியம் வகைப் பள்ளி அது. அதன் கட்டடங்களைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு.

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1692இல் கிளவுகாவுக்குப் பாதிரியாராக வந்தார். ஹாலே நகர மதிலுக்கு வெளியே இருந்த பகுதி அது. பத்தாண்டுக்கு முன் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. எஞ்சியது வறுமையும் மதுக்கடைகளும். 1695இல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ அக்கால ஜெர்மன் நாணயத்தில் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டிருந்தார்கள். அந்தக் காசில் புத்தகம் வாங்கி, ஒரு பல்கலைக்கழக மாணவரைச் சம்பளத்துக்கு வைத்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். 1697இல் லத்தீன் பள்ளி, அதாவது லத்தீனா, வந்தது. அதே ஆண்டு, அநாதை இல்லங்களை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துவர நொய்பவர் என்ற உதவியாளரை ஹாலந்துக்கு அனுப்பினார். 1698 ஜூலையில் தன் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

எழும்பிய கட்டடத்தைப் பார்த்து அப்போதே பலர் முகம் சுளித்தார்கள். அநாதைகளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று கேட்டார்கள். பிராங்கே எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகப்பைப் பார்த்தால் கேள்வியின் காரணம் புரியும். வெளிப்படிக்கட்டு, வரிசையாக ஜன்னல்கள், உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள், கீழே பைபிளின் ஏசாயா நூலின் வசனம், கூரைமேல் நின்று ஊரைப் பார்க்க ஒரு தளம். பின்னால் லிண்டன் மரங்களின் பெயரைத் தாங்கிய நீண்ட முற்றம், இருபுறமும் கட்டட வரிசை. அதில் 1713 முதல் 1716 வரை கட்டிய மாணவர் விடுதி ஆறு மாடி, 100 மீட்டருக்கும் மேல் நீளம், முழுக்க மரச்சட்டக் கட்டுமானம். காசை முகப்பில் செலவழித்து, பின்னால் மலிவான மரத்தில் உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். கையில் இருந்த பணத்துக்கு இதைவிடப் புத்திசாலித்தனமாக யோசித்திருக்க முடியாது.

பணம் வெறும் நன்கொடையாக மட்டும் வரவில்லை. மருந்துக்கடை, அச்சகம், புத்தகக்கடை எல்லாம் அங்கேயே ஓடின. 1727இல் பிராங்கே இறந்தபோது 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சிறப்பு என்று சொல்ல மாட்டேன். பிரபுக்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, நகரத்தார் பிள்ளைகளுக்கு லத்தீனா, மற்றவர்களுக்கு ஜெர்மன் பள்ளி என்று பிறப்பு பார்த்துப் பிரித்தார்கள். திறமையுள்ள அநாதைப் பையன்கள் லத்தீனாவில் சேர முடிந்தது என்பது பெரிய விஷயம்தான், ஆனால் பிரிவினை பிரிவினைதான். கட்டுப்பாடும் கடுமை, விளையாட்டே வீண் என்ற எண்ணம்.

இருந்தும் அந்த இல்லத்தின் கூரைக்கடியில் உள்ள மாடத்துக்குப் போனால் மனம் இளகிவிடும். பாடம் சொல்லிக்கொடுக்கச் சேர்த்த அபூர்வப் பொருட்கள் அங்கே இருக்கின்றன. மேலே தொங்கும் முதலை, வான்கோள மாதிரிகள், நம் பக்கத்திலிருந்து போன ஓலைச்சுவடிகள். தமிழ் ஆங்கில அகராதி தந்த பெப்ரீஷியஸ், தஞ்சை சரபோஜியின் பாதுகாவலரான சுவார்ட்ஸ் இருவரும் ஹாலேயிலிருந்து வந்த மிஷனரிகள்தான். சுவார்ட்ஸ் கப்பல் ஏறும் முன்பே, இங்கே பணியாற்றிவிட்டு அங்கே திரும்பியிருந்த மிஷனரி ஷுல்ட்ஸிடம் தமிழ் கற்றவர். அதே ஹாலேதான் சீகன்பால்கு நம் தெய்வங்களைப் பற்றி எழுதி 1713இல் அனுப்பிய நூலை அச்சிடாமல் ஒதுக்கியது. அது 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. இந்தக் குறையையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம் சோவியத் ஆக்கிரமிப்பு, தொடர்ந்து கிழக்கு ஜெர்மனி காலம். 1946இல் இந்த நிறுவனங்களை நடத்திய பிராங்கே அறக்கட்டளையின் தனி உரிமை போய், எல்லாம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. கூரைகள் ஒழுகின, மரம் இற்றது. முகப்புக்கு எதிரே மேம்பாலச் சாலை ஒன்றையும் போட்டுவிட்டார்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு நூலகவியலாளர் பவுல் ராபே பொறுப்பேற்று, பிடிவாதமாக ஒவ்வொரு வீடாக மீட்டார். 1995இல் பழைய அநாதை இல்லம் மறுபடி திறந்தது.

என் கட்சி இதுதான்: மீட்டவர்கள் எல்லாவற்றையும் கண்காட்சியாக்கவில்லை, அதுதான் சரி. காட்சிக்கூடம் உண்டு, ஆனால் பக்கத்திலேயே மழலையர் பள்ளியும் மற்ற பள்ளிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் இயங்குகின்றன. 4,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த வளாகத்தில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், வசிக்கிறார்கள். பள்ளிக்காகக் கட்டியதைப் பள்ளியாகவே வைத்திருப்பதைவிட நல்ல பராமரிப்பு வேறு இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்காக எழுந்த அந்த முகப்பை ஊர் முழுக்கப் பார்க்க வேண்டும். எதிரே நிற்கும் மேம்பாலத்தை இடிக்கச் சொல்லும் ஹாலேக்காரர்கள் பக்கம்தான் நானும்.