போரில் இறந்த இரண்டு பீட்டர்கள்

ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் தம் இரண்டு மகன்களையும் இரண்டு உலகப் போர்களில் பறிகொடுத்தார் என்று ஒரு பதிவு இருக்கிறது. பலர் அதைப் பகிர்ந்திருப்பதால் ஒரு திருத்தம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போரில் இறந்த மகன் ஒருவர்தான்: இளையவர் பீட்டர். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் உயிரிழந்தபோது அவருக்கு 18 வயது. 1942-இல் ரஷ்யப் போர்முனையில் இறந்தது பேரன், மூத்த மகன் ஹான்ஸின் பிள்ளை. சித்தப்பாவின் பெயரையே வைத்ததால் அவரும் பீட்டர், குழப்பம் அங்கேதான். ஹான்ஸ் மருத்துவர், அம்மாவின் நாட்குறிப்புகளைப் பதிப்பித்தவர்.

சரிபார்ப்பது எளிது. கொலோனிலுள்ள கொல்விட்ஸ் அருங்காட்சியகம் தரும் வாழ்க்கைக் குறிப்பில் ஹான்ஸின் ஆண்டுகளைப் பாருங்கள்: 1892–1971. அப்புறம், பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோ போர்க் கல்லறையின் படங்களைத் தேடுங்கள். தரையோடு பதித்த கற்பலகையில், வரிசையாகச் செதுக்கிய பெயர்களுக்கு நடுவே மகன் பீட்டரின் பெயர் இருக்கும். அங்கே மண்டியிட்டிருக்கும் அப்பா, அம்மா சிலைகள் கேத்தே வடித்தவை. அப்பா தன்னையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா தலை கவிழ்ந்திருக்கிறாள். பார்த்தால் மனசு கனத்துப்போகும்.